பச்சைக் கோட்டின் உட்புறம்

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பெண்களின் சட்டைகளுக்கு நீராவி பிடிப்பது. நகரத்தின் நடுவில் பெரிய கண்ணாடி யன்னல் வைத்த நாகரிக உடுப்புக் கடை ஒன்று இருந்தது. வேறு ஊர்களிலும் அவர்களுக்குக் கடைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் உடுப்புப் போவது துறைமுகப் பக்கம் இருந்த ஒரு களஞ்சியத்திலிருந்து. சட்டைகள் கம்பியில் தொங்கிக்கொண்டு என்னிடம் வரும். நான் சுருக்கம் எடுத்து, விலைத்துண்டு குத்தி, மற்றப் பக்கம் தள்ளிவிடுவேன். டெனிஷ் பேசத் தெரியத் தேவையில்லாத வேலை என்பதால்தான் எனக்குத் தந்தார்கள் என்று என் மனிசன் சொல்வார். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவளுக்கு அதைக் கேட்கப் பத்திக்கொண்டு வரும்.

களஞ்சியத்தின் பின்பக்கத்தில் கனத்த ரப்பர் கீலங்கள் திரைபோலத் தொங்கும் ஒரு வாசல் இருந்தது. அதற்கு அங்கால் தையல் மெசின்களின் சத்தம் கேட்கும். எண்பதுகளின் நடுப்பகுதி அது, நான் டென்மார்க் வந்த இரண்டாவது இலையுதிர்காலம். ஒருநாள் சட்டை மாட்டும் வெற்றுக் கொழுவிகள் எடுத்து வரச் சொல்லி என்னை அங்கே அனுப்பினார்கள். கீலத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மேசை முழுக்கப் பச்சைத் துணி. இலைப்பச்சையுமில்லை, கிளிப்பச்சையுமில்லை. எங்கள் ஊர் றோட்டில் ஆமிக்காரர் லொறியில் வந்து குதித்து இறங்குவார்களே, அந்தப் பச்சை. நாலைந்து டெனிஷ் பெண்கள் றேடியோவில் பாட்டுக் கேட்டபடி அந்தத் துணியில் பெரிய பெரிய பொக்கற்றுகள் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இது யாருக்கு?” என்று எனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் கேட்டேன்.

“படைக்காரருக்கு,” என்றாள் ஒருத்தி, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு.

“எந்தப் படை?”

“நம்முடைய படை.”

பக்கத்தில் இருந்தவள் தலையை ஆட்டினாள். “இல்லை இல்லை, இது கடையில் விற்க. இளம் பிள்ளைகளுக்கு.”

“அது அந்தக் குவியல். இது படைக்கு.”

“அப்போ நான் தைக்கிறது?”

அவர்களுக்கே தெரியவில்லை. சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொழுவி எடுக்க மறந்து வெறுங்கையோடு திரும்பி வந்து, அதற்கும் பேச்சு வாங்கினேன்.

நான் ஏன் இப்படிப் பதறினேன் என்பதைச் சொல்லவேண்டும். எனக்கு ஒரேயொரு தம்பி. அந்த வருடத் தொடக்கத்தில் சைக்கிள் ரியூப் வாங்கப் போனவனைச் சுற்றிவளைப்பில் பிடித்து, லொறியில் ஏற்றிக்கொண்டு போய், தெற்கில் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். அம்மா முகாம் வாசலுக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தா. அவன் இருக்கிறானா இல்லையா என்பதே எங்களுக்கு ஒரு மாதம் தெரியும், மறு மாதம் தெரியாது. அவனைப் பிடித்தவர்கள் போட்டிருந்த பச்சையை இங்கே நான் வேலை செய்கிற கொம்பனி தைக்கிறதா? எனக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. ஓம் என்றால் அடுத்த நாளே வேலையிலிருந்து நின்றுவிடுவேன். ஆனால் வீட்டுக்குள் தனியாக இருந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும் என்பதும் தெரிந்திருந்தது. அந்த வேலைதான் என்னைத் தம்பியின் நினைப்பிலிருந்து பகலிலாவது காப்பாற்றிக்கொண்டிருந்தது.

குசினியில் வைத்து மனிசனிடம் சொன்னேன்.

“இஞ்சேருங்கோ, உந்தக் கொம்பனி ஆமிக்கு உடுப்புத் தைக்குது.”

“எந்த ஆமிக்கு?”

“அதைத்தான் நானும் கேக்கிறன்.”

“டென்மார்க் ஆமிக்காயிருக்கும். பின்னை, அவங்கள் உடுப்பில்லாமலே நிக்கிறது?”

“எங்கட நாட்டுக்கும் அனுப்பினால்?”

“உமக்கென்ன விசரே? அங்கை வெய்யில் கொளுத்துது. அவனுக்கு ஏன் இஞ்சையிருந்து கோட்?”

“சுடுற துவக்கை அவங்கள் எங்கையெங்கையோ இருந்தெல்லாம் வாங்கிறாங்கள். உடுப்பு வாங்க மாட்டாங்களே?”

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தான் வாய் திறந்தால் நான் அழுவேன் என்று அவருக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பச்சைக் கோட் நின்றது. முகத்தை யார் பார்த்தது? கதவைப் படாரென்று அடித்துச் சாத்திவிட்டு, “ஐயோ வந்திட்டாங்கள்!” என்று கத்திக்கொண்டு குளியலறைக்குள் ஓடிப்போய்ப் பூட்டிக்கொண்டேன். வெளியில் மனிசன் யாருடனோ டெனிஷில் கதைப்பது கேட்டது. பிறகுதான் தெரிந்தது, வந்தது எங்களுக்கு உதவிக்கென்று ஒவ்வொரு கிழமையும் வருகிற டெனிஷ் மனிசி. டொக்டரிடம் கூட்டிப் போவது, பஸ் பிடிக்கச் சொல்லித் தருவது எல்லாம் அவதான். புதுக் கோட் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தா. கோட்டின் நெஞ்சில் புறாப் படம் போட்ட ஒரு தகடு. யுத்தம் வேண்டாம் என்று ஊர்வலம் போகிற கூட்டத்தைச் சேர்ந்தவ அவ.

விஷயம் விளங்கியதும் அந்த மனிசிக்கு முகம் செத்துப்போய்விட்டது. கோட்டைக் கழற்றிச் சுருட்டி வெளியில் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டா. நான் தேத்தண்ணி போட்டேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, தான் வந்த காரணத்தை மெல்ல எடுத்தா. என் முதலாளிக்கு வேறொரு கொம்பனியிலும் பங்கு இருக்கிறதாம், அங்கே படைகளுக்குப் பரசூட் வார் செய்கிறார்களாம், உறுதியாகத் தெரியாதாம். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் கடை வாசலில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போகிறார்களாம். “நீ உள்ளே இருக்கிறாய். கொஞ்சம் பார்த்துச் சொல்வாயா?”

“அது கிடக்கட்டும். உங்கட அந்தக் கோட் எங்கை வாங்கினது?” என்று மனிசனைக் கேட்கச் சொன்னேன்.

அவ கழுத்துவரை சிவந்துபோனா. “உன்னுடைய கடையில்தான்,” என்றா.

பிறகு அவ ஒரு விளக்கம் சொன்னா. டென்மார்க்கில் ஊரவர்களே சேர்ந்த ஒரு காவல் படை இருக்கிறது, கடைக்காரர், வாத்திமார், விவசாயிகள் எல்லாரும் சனிக்கிழமைகளில் போய்ப் பயிற்சி எடுப்பார்கள், துவக்கை வீட்டு அலுமாரியில் வைத்திருப்பார்கள், அவர்களுக்குத்தான் அந்தக் கோட்டுகள் போகக்கூடும் என்றா. மனிசன் அதை “ஊர்காவல் படை” என்று எனக்குச் சொன்னார். எங்கள் நாட்டிலும் அந்தப் பெயரில் ஒரு படை இருந்தது. அது வருகிறது என்றால் எங்கள் சனம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடும். இந்த மனிசி அதை ஏதோ பாட்டுக் கோஷ்டியைப் பற்றிச் சொல்வதைப்போலச் சொல்லிக்கொண்டிருந்தா.

எங்கள் களஞ்சியத்தில் மேற்பார்வை பார்ப்பவரை எல்லாரும் மேஸ்டர் என்பார்கள். வெள்ளைத் தாடி வைத்த பெரிய உருவம். என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுவதற்காகக் காலையில் மெசினுக்குப் பக்கத்தில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். இனிப்புப் பாண் வாங்கி வந்தால் முதல் துண்டு எனக்குத்தான். ஒரு சனிக்கிழமை பேக்கரியில் வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் நின்ற பச்சை உடுப்புக்காரன் திரும்பினான். பார்த்தால் மேஸ்டர்! தொப்பி, சப்பாத்து, தோளில் நீட்டுப் பை, எல்லாம் இருந்தது. சிரித்துக்கொண்டு என் பெயரைச் சொன்னார், அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சரியாகச் சொன்னார். நான் பாண் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். கட்டிலில் இருந்து யோசித்து யோசித்துப் பார்த்தேன். நல்ல மனிசன். அந்த உடுப்பு கெட்ட உடுப்பு. இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு ஏலவில்லை.

அதற்குப் பிறகு நான் வேவு பார்க்கத் தொடங்கினேன். சொன்னால் வெட்கம், எனக்கு வேவு பார்க்கவும் தெரியாது. கீலத்துக்குள்ளால் எட்டிப் பார்ப்பேன், யாராவது பார்த்தால் கொழுவி தேடுவதாக நடிப்பேன். பாவம், களஞ்சியத்தில் அத்தனை கொழுவியும் என் காலடியில்தான் கிடந்தன. நாளெல்லாம் பார்த்துக் கண்டுபிடித்தது, பச்சைக் கோட்டுகள் இரண்டு குவியலாகப் போகின்றன என்பதை மட்டும்தான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை வந்தது. லொறி பின்பக்கமாக வந்து நிற்கும் பெரிய கதவு திறந்திருந்தது. பச்சைக் கோட்டுக் குவியலுக்குப் பக்கத்தில், மரத்தட்டின் மேல், அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் கறுப்பு மையில், பெரிய ஆங்கில எழுத்தில், கொழும்பு.

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் ஆட்களுக்குப் பெட்டி என்றால் ஒரே அர்த்தம்தான். பழைய உடுப்பு, பால்மா, பவுடர் எல்லாம் போட்டுக் கட்டி, மேலே கொழும்பு என்று பெரிதாக எழுதி, ஊருக்கு அனுப்புவோம். ஊரின் பெயர் எழுதின பெட்டி அங்கே போகிற பெட்டி. வேறு விதமான பெட்டியை நான் வாழ்நாளில் கண்டதில்லை. கதவு திறந்து கிடக்கிறது, லொறி நிற்கிறது, பக்கத்தில் பச்சைக் கோட். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நேரே மேஸ்டரின் மேசைக்குப் போனேன். டெனிஷ் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. தமிழில் தொடங்கிவிட்டேன்.

“இனிப்புப் பாண் தந்து தந்து இதையே செய்தனீர்? என்ர தம்பியைப் பிடிச்சு வைச்சிருக்கிறவங்களுக்கு உடுப்புத் தைச்சு அனுப்புறீர், அதுக்கு நான் இஞ்சை நிண்டு வேலை செய்யோணும்! கோதாரி விழுந்த வேலை! நீரே வைச்சுக்கொள்ளும்!”

மெசின்கள் எல்லாம் நின்றுபோயின. மேஸ்டர் எழும்பி, ஒன்றும் விளங்காமல் இரண்டு கையையும் விரித்தார். நான் அவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைக் காட்டினேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொக்கற்றிலிருந்து கத்தியை எடுத்து மேல் பெட்டியைக் கீறித் திறந்தார்.

உள்ளே பூப்போட்ட சட்டைகள் இருந்தன, பெண்களின் சட்டைகள். இவ்வளவு நாளும் நான் நீராவி பிடித்த அதே சட்டைகள். கழுத்தில் கடையின் பெயர் மட்டும் தைத்திருந்ததால் அவை எங்கே தைத்தவை என்று நான் அறியவில்லை. அவை அங்கே போகவில்லை. அங்கேயிருந்து வந்திருக்கின்றன.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. மேஸ்டர் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, தன் பெரிய உடம்பை மடக்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அவரிடம் மெல்ல மெல்ல, தெரிந்த சொற்களைப் பொறுக்கி, தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் எழும்பிப்போய் இரண்டு பச்சைக் கோட்டுகளைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். வெளியால் இரண்டும் ஒன்று. ஒன்றின் உள்ளே வெறும் சாம்பல் துணி, அது அவருடைய காவல் படைக்கு. மற்றதன் உள்ளே சிவப்புக் கட்டம் போட்ட துணி, அது கடைக்கு. படைக்கு வெட்டி மிஞ்சின துணியில் நாகரிகக் கோட் தைக்கிறார்களாம், பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போகிறார்களாம். “வேறு நாட்டுக்கு?” என்று கேட்டேன். “எனக்குத் தெரிந்து இல்லை,” என்றார். “எனக்குத் தெரிந்து” என்பதை அழுத்திச் சொன்னார். பொய் சொல்ல விரும்பாத மனிசன் என்று நினைத்தேன். முழுக்க ‘இல்லை’ என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்றும் நினைத்தேன்.

நான் வேலையை விடவில்லை. ஆனால் அடுத்த நாள் சட்டையைக் கையில் எடுத்தால் வேறொரு குழப்பம். இதைத் தைத்தவள் யார்? கொழும்புப் பக்கத்துப் பெட்டையாக இருப்பாள், சிங்களப் பெட்டையாக இருக்கலாம். அவளுக்கும் ஒரு தம்பி இருந்து, அவன் ஆமியில் இருந்தால்? அவள்மேல் கோபப்படப் பார்த்தேன், வரவில்லை. அவள் தைத்த கழுத்துப்பட்டி அவ்வளவு நேராக இருந்தது. நீராவியைக் கொஞ்சம் குறைத்துப் பிடித்தேன்.

டெனிஷ் மனிசி, கோட் இல்லாமல் இரண்டு கம்பளிச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு வந்து விசாரித்தா. எல்லாவற்றையும் சொன்னேன். “அப்படியென்றால் அந்தச் சட்டைகளை வாங்க வேண்டாம் என்று எழுதுவோமா?” என்று கேட்டா.

“அந்தப் பெட்டைகளுக்கு வேலை போகும்.”

“பச்சைக் கோட்டை வாங்க வேண்டாம் என்று?”

“நீங்களே வாங்கிப்போட்டீங்கள்.”

“அப்போ என்னதான் எழுதுவது?”

“எனக்குத் தெரியாது. என்னைக் கேக்காதேங்கோ!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடைசியில் அவர்கள் கடை வாசலில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் ஒவ்வொரு வசனமும் கேள்விக்குறியோடு முடிந்தது. சனம் அதை வாங்கிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு உள்ளே போய் உடுப்பு வாங்கியது.

தை மாதம் தம்பி வந்து சேர்ந்தான். அவனை விட்டுவிட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. அம்மா அவனை வீட்டில் வைத்திருக்கப் பயந்து உடனே பிளேன் ஏற்றிவிட்டா. கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலிலும் கப்பலிலுமாக டென்மார்க்குக்குள் வந்து, அகதி முகாமில் பதிந்துவிட்டு, எங்களைப் பார்க்க வந்தான். அரைவாசியாகிப் போயிருந்தான். இடது கையை முழுக்க நீட்ட ஏலாது. மெல்லிய ஒரு சேர்ட்டும் அதற்கு மேல் யாரோ கொடுத்த ஒரு சுவெற்றரும் போட்டிருந்தான், பல்லு அடித்துக்கொண்டிருந்தது.

தம்பி வந்துவிட்டான் என்று வேலையிடத்தில் எல்லாருக்கும் சொன்னேன். அன்று பின்னேரம் மேஸ்டர் ஒரு பார்சலைக் கையில் தந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், சிவப்புக் கட்ட உட்துணி வைத்த புதுப் பச்சைக் கோட். இது வேண்டாம் என்று அந்த மேஸ்டருக்கு எப்படிச் சொல்வது? நான் அதைத் திரும்ப மடித்து அலுமாரிக்கு மேலே எறிந்தேன்.

“அக்கா, அது என்ன?”

“ஒண்டுமில்லை. உனக்கு வேண்டாம்.”

“கோட்டெல்லே? குளிருது, தா.”

“தம்பி, அந்தக் கலர் உனக்கு...”

“கலர் என்ன செய்யிறது? குளிருதெண்டு சொல்லுறன்.”

எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். நான் குசினிக்குள் போய் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். அறைக் கதவு திறந்தது. பச்சைக் கோட்டின் கழுத்துப்பட்டியை உயர்த்திக்கொண்டு ஓர் ஆள் வெளியில் வந்தது. என் தம்பி என்று எனக்குத் தெரியும். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனாலும் என் கால் பின்னுக்குப் போனது. முதுகு சுவரில் முட்டியது, தேத்தண்ணி கையில் ஊற்றிச் சுட்டது. அவன் அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தான். திரும்பி அறைக்குள் போய்விட்டான்.

திரும்பி வந்தபோது கோட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டிருந்தான். சிவப்புக் கட்டம் வெளியில், தையல் பிசிறெல்லாம் வெளியில், பொக்கற் எல்லாம் உள்ளே. மனிசன் பார்த்துவிட்டு, “என்னடாப்பா கோலம் இது?” என்று சிரித்தார். தம்பியும் சிரித்தான். அப்படியே கடைத்தெருவுக்குப் போனார்கள். டெனிஷ் சனம் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம்.

மேஸ்டரும் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை என்னிடம் வந்து, உண்மையாகவே கவலையோடு கேட்டார். “உன் தம்பிக்கு எது உட்பக்கம் என்று தெரியாதா?”

“தெரியும்,” என்றேன்.

அவர் தாடியைத் தடவினார். “அப்படிப் போட்டால் பொத்தான் பூட்ட முடியாதே, காற்று உள்ளே போகும்,” என்றார். அடுத்த நாள் கோட்டைக் கொண்டுவரச் சொல்லி, மத்தியான இடைவேளையில் பின்பக்கத்து மெசினில் தானே இருந்து, பிசிறுகளை மடித்து அடித்து, பொத்தான்களைச் சிவப்புக் கட்டத்தின் மேல் மாற்றித் தைத்துத் தந்தார்.

அடுத்த முறை தம்பி வந்தபோது அந்தக் கோட்டை நானே அவனுக்குப் போட்டுவிட்டேன். இடது கையை மெல்ல உள்ளே விட்டு, ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டிக்கொண்டு வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

“தம்பி, இப்ப பச்சை உள்ளுக்கு, உன்ர உடம்பிலை எல்லோ முட்டிக்கொண்டு கிடக்குது.”

“ஓம்.”

“உனக்கு ஒண்டும் செய்யேல்லையே?”

“எனக்கு முட்டினால் பரவாயில்லை அக்கா,” என்றான். “நீ சுவரோட போய் நிண்டதுதான் எனக்கு ஏலாமப் போச்சு.”